மிச்சிகனில் வீடு வாங்கியிருக்கிறீர்களா? டவுன்ஷிப் சூப்பர்வைசரிடம் எதற்குப் போகலாம், எதற்குப் போனால் காலம் வீணாகும்

2021 கோடையில் டெட்ராய்ட்டுக்கு மேற்கே ஒரு டவுன்ஷிப்பில் (சிட்டி எல்லைக்குள் வராத தனி உள்ளாட்சி) வீடு வாங்கினோம். அடுத்த பிப்ரவரியில் சொத்து மதிப்பு நோட்டீஸ் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், விற்றவர் கட்டிக்கொண்டிருந்த வரி எங்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "அண்ணா, டவுன்ஷிப் சூப்பர்வைசரைப் போய்ப் பாருங்க, அவர்தான் இங்க எல்லாம்" என்றார். ஊரில் பஞ்சாயத்துத் தலைவரைப் பார்த்து வளர்ந்த எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மார்ச்சில் டவுன்ஷிப் போர்டு கூட்டத்துக்குப் போனேன். மைக் முன்னால் நின்று மூன்று நிமிடம் பேசினேன். நடுவில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் பொறுமையாகக் கேட்டு நன்றி சொன்னார், முறையிட்டாகிவிட்டது என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அது முறையீடே இல்லை. வரி மதிப்பை எதிர்த்து மனு வாங்குவது வேறொரு குழு, அதே வாரத்தில் அதே கட்டடத்தில்தான் உட்கார்ந்திருந்தது, எனக்குத் தெரியாமலே அதன் நாட்கள் முடிந்துவிட்டன. அந்த ஆண்டு முழுக்கக் கையை விட்டுப் போனது. அதன் விலையை இன்றுவரை வருஷாவருஷம் கட்டுகிறேன். எப்படி என்று 6-ஆம் படியில் சொல்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். எல்லாம் மிச்சிகனுக்கு மட்டும் பொருந்தும். வேறு சில மாநிலங்களிலும் டவுன்ஷிப், சூப்பர்வைசர் என்ற பேர்கள் உண்டு, ஆனால் வேலையும் அதிகாரமும் வேறு. பென்சில்வேனியாவில் சூப்பர்வைசர்கள் என்பது போர்டு உறுப்பினர்களையே குறிக்கும்.

1. முதலில் நீங்கள் இருப்பது டவுன்ஷிப்தானா என்று பாருங்கள்

தபால் முகவரியை நம்பாதீர்கள். கடிதத்தில் ஆன் ஆர்பர் என்று வரும், வீடு பிட்ஸ்ஃபீல்ட் டவுன்ஷிப்பில் இருக்கும். பிளிமத் என்று ஒரு சிட்டி, அதைச் சுற்றி பிளிமத் டவுன்ஷிப் என்று இன்னொன்று, இரண்டுக்கும் தனித்தனி அலுவலகம். நார்த்வில்லும் அப்படியே. கேன்டன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் டவுன்ஷிப்தான். ட்ராய், ஃபார்மிங்டன் ஹில்ஸ் எல்லாம் சிட்டி, அங்கே சூப்பர்வைசர் என்ற பதவியே கிடையாது.

வரி ரசீதிலோ மதிப்பு நோட்டீஸிலோ மேலே யார் பேர் அச்சிட்டிருக்கிறதோ அதுதான் உங்கள் உள்ளாட்சி. வீடு பார்க்கும்போதே ரியல்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

2. சூப்பர்வைசர் யார், அவர் கையில் என்ன இருக்கிறது

டவுன்ஷிப் போர்டில் 5 பேர் அல்லது 7 பேர் இருப்பார்கள்: சூப்பர்வைசர், கிளார்க், ட்ரெஷரர், மீதி 2 அல்லது 4 டிரஸ்டிகள். எல்லோரும் தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள், பதவிக்காலம் 4 ஆண்டு. அதிபர் தேர்தலோடு சேர்ந்தே நடக்கும், கட்சி சார்ந்த தேர்தல். கடைசியாக 2024 நவம்பரில் நடந்தது.

இங்கே முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது, கிளார்க்கும் ட்ரெஷரரும் சூப்பர்வைசரின் கீழ் வேலை செய்பவர்கள் இல்லை. அவர்களும் தனித்தனியாக ஓட்டு வாங்கி வந்தவர்கள். "கிளார்க்" என்றதும் நம் ஊர் குமாஸ்தா நினைவுக்கு வரும், ஆனால் இங்கே டவுன்ஷிப்பின் ஆவணங்கள், கூட்டக் குறிப்புகள், தேர்தல் எல்லாம் அவர் பொறுப்பு. வரி வாங்குவதும் பணத்தைப் பராமரிப்பதும் ட்ரெஷரர்.

சூப்பர்வைசர் போர்டு கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். பட்ஜெட் தயாரித்து வைப்பார். டவுன்ஷிப் மீது வழக்குப் போட்டால் அந்தக் காகிதத்தை வாங்குகிறவரும் அவர்தான், சட்ட விவகாரங்களில் அவர் டவுன்ஷிப்பின் பிரதிநிதி. பிளானிங் கமிஷனுக்கு ஆட்களை நியமிப்பார், அதற்கும் போர்டின் சம்மதம் வேண்டும். போர்டு ஆஃப் ரிவ்யூ என்ற வரி மதிப்புக் குழுவுக்கு அவர் செயலாளர். மாநிலச் சான்றிதழ் இருந்தால் சொத்து மதிப்பிடும் அசெஸரும் அவரே ஆகலாம், ஆனால் பெரும்பாலான இடங்களில் சான்றிதழ் உள்ள ஒருவரைத் தனியாக வேலைக்கு வைத்திருப்பார்கள்.

போர்டில் அவருக்கு ஒரு ஓட்டு. ஒன்றே ஒன்று. மற்றவர்கள் முடிவு செய்ததை ரத்து செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. "அவர் மனசு வைத்தால் நடக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 7 பேர் போர்டில் ஒரு தீர்மானம் நிறைவேற இன்னும் குறைந்தது 3 பேர் சேர வேண்டும்.

பெரிய டவுன்ஷிப்புகளில் இது முழுநேர வேலை, உதவியாளரிடம் நேரம் வாங்கிப் போய்ப் பார்க்கலாம். சிறிய கிராமப்புற டவுன்ஷிப்புகளில் அவர் பகலில் தன் வயலிலோ வேறு வேலையிலோ இருப்பார், சாயங்காலம் போன் எடுப்பார். சில இடங்களில் அன்றாட நிர்வாகத்துக்கு மேனேஜர் ஒருவரை நியமித்திருப்பார்கள். உங்கள் ஊர் எந்த வகை என்று டவுன்ஷிப் இணையதளத்தில் 5 நிமிடத்தில் தெரிந்துவிடும்.

3. வீடு வாங்கியதும் இரண்டு படிவம்

இரண்டும் அசெஸர் அலுவலகத்துக்குப் போக வேண்டியவை, இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

படிவம் 2766, சொத்து கைமாறியதைச் சொல்வது. கைமாறிய 45 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் குடியிருப்புக்கு நாளொன்றுக்கு 5 டாலர், அதிகபட்சம் 200 டாலர் அபராதம்.

படிவம் 2368, இதில்தான் நாங்கள் குடியிருக்கிறோம் என்ற உறுதிமொழி. எல்லோரும் "ஹோம்ஸ்டெட்" என்று சொல்வது இதைத்தான். இது பதிவானால் பள்ளிச் செயல்பாட்டு வரியில் 18 மில் வரை விலக்கு. ஒரு மில் என்றால் வரி மதிப்பில் 1,000 டாலருக்கு 1 டாலர். வரி மதிப்பு 150,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2,700 டாலர் மிச்சம், சின்னத் தொகை இல்லை. ஜூன் 1-க்குள் கொடுத்தால் கோடை வரியிலிருந்தே கிடைக்கும், நவம்பர் 1-க்குள் கொடுத்தால் குளிர்கால வரியிலிருந்து.

பொறி என்னவென்றால், க்ளோஸிங் அன்று, அதாவது வீடு கைமாறும் நாளில், ஐம்பது காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது இவையும் அதில் இருக்கும், பத்திர வேலையைப் பார்க்கும் டைட்டில் கம்பெனி அனுப்பிவிடும் என்பார்கள். பெரும்பாலும் அனுப்புவார்கள். ஆனாலும் மூன்று வாரம் கழித்து அசெஸர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, "என் பார்சல் எண் இது, இரண்டு படிவமும் வந்ததா?" என்று கேளுங்கள். ஹோம்ஸ்டெட் விட்டுப்போனது பிறகுதான் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அந்த ஆண்டிலோ அடுத்த 3 ஆண்டுகளிலோ ஜூலை அல்லது டிசம்பர் போர்டு ஆஃப் ரிவ்யூவில் கேட்டு வாங்கலாம். கெடு தேதியில் நீங்கள் அந்த வீட்டின் சொந்தக்காரராகி அங்கே குடியிருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

4. விற்றவர் கட்டிய வரி உங்கள் வரி இல்லை

இதை யாராலும் மாற்ற முடியாது, சூப்பர்வைசராலும் முடியாது. மிச்சிகனில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மதிப்பு. அசெஸ்டு வேல்யூ என்பது சந்தை விலையில் பாதி. டாக்ஸபிள் வேல்யூ என்பது வரி போட எடுத்துக்கொள்ளும் தொகை, புதிதாகக் கட்டிச் சேர்க்காதவரை அது ஆண்டுக்கு விலைவாசி உயர்வு அல்லது 5 சதவீதம், எது குறைவோ அதற்குமேல் ஏறக் கூடாது. அதனால் 20 வருஷமாக ஒரே வீட்டில் இருப்பவரின் வரி மதிப்பு மிகக் குறைவாக நிற்கும். வீடு கைமாறிய அடுத்த ஆண்டு அந்தக் கட்டு அவிழ்ந்து, இரண்டு மதிப்பும் ஒன்றாகிவிடும்.

எங்கள் வீட்டில் விற்றவருடைய வரி மதிப்பு 98,000. 2022-இல் எங்களுக்கு 190,000. ஹோம்ஸ்டெட் கழித்து 38 மில் என்று போட்டால் 3,724 டாலர் வரி 7,220 ஆகிறது. பேங்க் எஸ்க்ரோவில் (வரி கட்டுவதற்காக மாதத் தவணையோடு பிடித்து வைக்கும் கணக்கு) மாதம் 310 டாலர் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அது 600-ஐத் தாண்டியது, அதற்குமேல் முதல் ஆண்டு விழுந்த பற்றாக்குறையையும் சேர்த்து வசூலித்தார்கள். வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் வரித் தொகையைப் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள். வாங்கப்போகும் விலையில் பாதியை எடுத்து, உள்ளூர் மில் விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய அதுதான் உங்கள் வரி.

5. பிப்ரவரி நோட்டீஸைக் குப்பையில் போடாதீர்கள்

"இது வரி ரசீது இல்லை" என்று அதிலேயே அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்துத்தான் பலர் தூக்கி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். நானும் இரண்டு நாள் ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தேன். மார்ச் போர்டு ஆஃப் ரிவ்யூ கூடுவதற்குக் குறைந்தது 14 நாள் முன்னால் இதை அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அதில் நான்கு விஷயம் பாருங்கள்: அசெஸ்டு வேல்யூ, டாக்ஸபிள் வேல்யூ, ஹோம்ஸ்டெட் 100 சதவீதம் என்று இருக்கிறதா, அப்புறம் கீழே பொடி எழுத்தில் போர்டு ஆஃப் ரிவ்யூ நாள், நேரம், இடம். அந்தப் பொடி எழுத்தைத்தான் நான் படிக்கவில்லை.

அன்றே அசெஸர் அலுவலகத்தில் உங்கள் வீட்டின் ப்ராபர்ட்டி ரெக்கார்ட் கார்டைக் கேளுங்கள். பல இடங்களில் இணையத்திலேயே கிடைக்கும். சதுர அடி, பாத்ரூம் எண்ணிக்கை, கராஜ், பேஸ்மென்ட், வீட்டின் நிலை எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு வரியையும் உங்கள் வீட்டோடு ஒப்பிடுங்கள்.

எங்கள் கார்டில் வீட்டின் நிலை "நன்று" என்று இருந்தது. உண்மையில் பேஸ்மென்ட்டின் வடக்குச் சுவரில் கைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல், ஜன்னலுக்குக் கீழே தொடங்கிச் சாய்வாகத் தரைவரை போகும். மார்ச்சில் பனி உருகும்போது அந்தக் கோடு முழுக்க ஈரமாகி, கீழே குளம் கட்டும். இட்லி அரிசி மூட்டையைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தோம். தெருவிலிருந்து பார்க்கிற யாருக்கும் அது தெரிய வழியில்லை, நாம்தான் காட்ட வேண்டும்.

அளவே தப்பாக இருந்தால் (1,900 சதுர அடி வீட்டை 2,200 என்று போட்டிருப்பது, இல்லாத டெக்கைச் சேர்த்திருப்பது போன்றவை) முதலில் அசெஸரிடம் போனிலேயே சொல்லுங்கள், மார்ச்சுக்கு முன்னால் என்றால் அவரே திருத்திவிடலாம். மார்ச் தாண்டிவிட்டால் இந்த மாதிரிப் பிழைகளை ஜூலை அல்லது டிசம்பர் கூட்டத்தில், அந்த ஆண்டுக்கும் முந்தைய ஓர் ஆண்டுக்கும் சேர்த்துத் திருத்த முடியும். ஆனால் "மதிப்பு அதிகம்" என்ற வாதத்துக்கு மார்ச் மட்டும்தான்.

6. போர்டு ஆஃப் ரிவ்யூ: சூப்பர்வைசர் அங்கே இருப்பார், ஓட்டு மட்டும் இல்லை

பெரும்பாலும் 3 பேர் குழு. டவுன்ஷிப் போர்டு நியமித்த உள்ளூர்க்காரர்கள், அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சொத்து வரி கட்டுபவர்களாக இருக்க வேண்டும். டவுன்ஷிப் போர்டு உறுப்பினர் யாரும் இதில் உட்கார முடியாது. சூப்பர்வைசர் செயலாளராகக் குறிப்பு எழுதுவார், முடிவில் பங்கில்லை. அதனால்தான் அவரிடம் தனியாகப் போய் எவ்வளவு கெஞ்சினாலும் மதிப்பைக் குறைக்க அவரால் முடியாது. இது தெரிந்திருந்தால் நான் ஒரு வருஷத்தை இழந்திருக்க மாட்டேன்.

மார்ச் இரண்டாம் திங்கட்கிழமையை ஒட்டிய வாரத்தில்தான் பெரும்பாலும் கூடும், உங்கள் நோட்டீஸில் உள்ள தேதியே இறுதி. ஆபீஸ் போகிறவர்களுக்காகச் சாயங்காலம் 6 மணிக்குமேல் குறைந்தது 3 மணி நேரம் உட்கார வேண்டும் என்ற விதியும் உண்டு, அந்த நேரத்தைப் போனில் கேட்டு வாங்குங்கள், சீக்கிரம் நிரம்பிவிடும். உள்ளூரில் குடியிருப்பவர்கள் நேரில் வராமல் கடிதமாக அனுப்ப டவுன்ஷிப் அனுமதித்திருக்க வேண்டும், அனுமதி இருந்தால் நோட்டீஸிலேயே போட்டிருக்கும். தபாலில் போட்ட தேதியை விட அவர்கள் கைக்குக் கிடைத்த தேதிதான் முக்கியம், ஒரு வாரம் முன்னாலேயே அனுப்புங்கள்.

கொண்டு போக வேண்டியவை: நிரப்பிய படிவம் 618, ரெக்கார்ட் கார்டு, உங்கள் வீட்டைப் போன்ற 3 முதல் 5 வீடுகளின் விற்பனை விவரம், குறைகளின் புகைப்படம், ரிப்பேருக்கு எழுத்தில் வாங்கிய எஸ்டிமேட். எல்லாவற்றிலும் 5 பிரதி, உறுப்பினருக்கு ஒன்று, அசெஸருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. மதிப்பு கணக்கிடும் நாள் முந்தைய ஆண்டு டிசம்பர் 31, அதற்குப் பிறகு விற்ற வீட்டைக் காட்டினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தொழில்முறை அப்ரைசல் (மதிப்பீட்டு அறிக்கை) வாங்கச் சில நூறு டாலர் ஆகும், சாதாரண வீட்டுக்கு முதல் கட்டத்தில் அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

பேச 5, 10 நிமிடம்தான் கிடைக்கும். வரி அதிகம், சம்பளம் போதவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் பாதிதான் கட்டுகிறார் என்றெல்லாம் பேசினால் அவர்கள் அனுதாபமாகத் தலையாட்டுவார்கள், ஆனால் அதை வைத்து எதுவும் செய்ய அவர்களுக்கு அதிகாரமில்லை. (வருமானம் உண்மையிலேயே மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு வறுமை விலக்கு என்று தனி மனு உண்டு.) சந்தை விலையை மட்டும் பேசுங்கள்: "நீங்கள் 416,000 என்கிறீர்கள், இந்தக் காரணங்களால் இது 392,000-தான்." இன்னொன்று, "நான் வாங்கிய விலையே இவ்வளவுதானே" என்பது தானாக ஜெயிக்கும் வாதம் இல்லை. வாங்கிய விலையையே மதிப்பாக எடுத்துக்கொள்ளும் கட்டாயம் சட்டத்தில் கிடையாது, கூடவே மற்ற விற்பனைகளையும் காட்டுங்கள்.

2023 மார்ச்சில் விரிசலின் படங்களும் எஸ்டிமேட்டும் கொண்டு போனேன். 208,000 என்று நோட்டீஸில் வந்த அசெஸ்டு வேல்யூ 196,000 ஆனது, டாக்ஸபிள் வேல்யூ அதைத் தாண்ட முடியாது என்பதால் அதுவும் 196,000-இல் நின்றது. சந்தோஷம்தான், ஆனால் கணக்கு முழுதாகப் புரிந்தது பிறகுதான். கட்டு அவிழும் அந்த முதல் ஆண்டில்தான் உங்கள் அடித்தளத் தொகை குறிக்கப்படுகிறது, அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு உயர்வும் அதன் மேல்தான் ஏறும். 2022-இலேயே இதே 12,000 குறைந்திருந்தால் நான் 178,000-இல் தொடங்கியிருப்பேன், 5 சதவீதம் ஏறி 2023-இல் 186,900 ஆகியிருக்கும். ஆனால் நடந்தது 196,000. வித்தியாசம் 9,100, அதாவது அந்த ஆண்டுக்கு ஏறக்குறைய 346 டாலர், இந்த வீட்டில் இருக்கும்வரை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வரும். வேறெந்த ஆண்டு போகாவிட்டாலும் வீடு வாங்கிய அடுத்த மார்ச்சில் கட்டாயம் போங்கள்.

முடிவை எழுத்தில் ஜூன் முதல் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். திருப்தியில்லை என்றால் ஜூலை 31-க்குள் மிச்சிகன் டாக்ஸ் ட்ரிப்யூனலின் சிறு வழக்குப் பிரிவில் மனு போடலாம். ஹோம்ஸ்டெட் உள்ள வீட்டுக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் மார்ச்சில் முறையிட்டிருந்தால்தான் ட்ரிப்யூனல் உங்கள் மதிப்பு வழக்கை எடுக்கும். வழக்கு நடக்கும்போதும் வரியைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

7. வரி கட்டும் தேதிகள்

கோடை ரசீது ஜூலை 1-இல் வரும், செப்டம்பர் 14 வரை வட்டி இல்லை. குளிர்கால ரசீது டிசம்பர் 1, பிப்ரவரி 14 வரை. இரண்டும் ட்ரெஷரரிடம். மார்ச் 1 ஆகிவிட்டால் பாக்கி கவுண்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ட்ரெஷரருக்குப் போய்விடும், டவுன்ஷிப்பில் வாங்க மாட்டார்கள். எஸ்க்ரோவில் பேங்க் கட்டுகிறது என்றாலும், கட்டியாகிவிட்டதா என்று செப்டம்பரில் ஒருமுறை இணையத்தில் பாருங்கள்.

8. சூப்பர்வைசரிடம் போகக் கூடாத விஷயங்கள்

ரோட்டில் பள்ளம், பனி அள்ளவில்லை: மிச்சிகனில் டவுன்ஷிப்புக்குச் சொந்த ரோடு கிடையாது, கவுண்ட்டியின் ரோடு கமிஷனை அழையுங்கள். வெய்ன் கவுண்ட்டியில் அதற்குக் கவுண்ட்டியின் பொதுச் சேவைத் துறை. வடிகால் நிரம்பினால் கவுண்ட்டி டிரெய்ன் கமிஷனர். பள்ளி எல்லை, பஸ் எல்லாம் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதற்குத் தனித் தேர்தல், தனி போர்டு. டெக் கட்ட, பேஸ்மென்ட் முடிக்க பெர்மிட் என்றால் பில்டிங் டிபார்ட்மென்ட். புல் வெட்டாததற்கு வரும் கடிதம் பெரும்பாலும் உங்கள் ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) அனுப்பியது, அதில் டவுன்ஷிப்புக்குச் சம்பந்தமில்லை.

பழைய ஆவணம் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் கிளார்க் அலுவலகம்தான் பார்க்கும். 5 வேலை நாளில் பதில் வர வேண்டும், இன்னும் 10 வேலை நாள் நீட்டிக்கலாம். சாதாரணத் தாளில் பிரதிக்கு ஒரு தாளுக்கு 10 சென்ட்டுக்குமேல் வாங்கக் கூடாது.

9. அவரிடம் போக வேண்டிய விஷயங்கள், எப்போது போவது

நடைபாதை விட்டுப்போன இடம், பூங்காவில் கிரிக்கெட் பிட்ச், புதிதாக வரப்போகும் குடியிருப்புத் திட்டத்தால் உங்கள் தெருவுக்கு வரும் நெரிசல், இவைதான் சூப்பர்வைசரிடம் கொண்டு போக வேண்டியவை. சிட்டிசன்ஷிப் இல்லை, ஹெச்-1பி-யில் இருக்கிறேன் என்று தயங்க வேண்டாம். ஓட்டுப் போடத்தான் சிட்டிசன்ஷிப் வேண்டும், கூட்டத்தில் உட்காரவும் பேசவும் எல்லோருக்கும் உரிமை உண்டு, உள்ளே வர பேர் எழுதச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

கூட்டத்தில் எழுந்து பேசுவதற்கு முன்னால் ஒரு பக்கத்தில் மின்னஞ்சல் எழுதுங்கள். என்ன வேண்டும், எந்த இடம், எத்தனை குடும்பம், இரண்டு படம். இதை அஜெண்டாவில் வைக்க முடியுமா என்று நேரடியாகக் கேளுங்கள். போர்டில் மற்றவர்களுக்கும் பிரதி அனுப்புங்கள், ஏன் என்று 2-ஆம் படியில் பார்த்தோம். பணம் செலவாகும் கோரிக்கை என்றால் பட்ஜெட்டுக்கு முன்னால் போக வேண்டும். சில டவுன்ஷிப்புகளுக்கு நிதியாண்டு ஜனவரியில், சிலவற்றுக்கு ஏப்ரலில் தொடங்கும். கிளார்க்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு 4, 5 மாதம் முன்னாலேயே கடிதம் போய்ச் சேரட்டும். பட்ஜெட்டுக்கென்று பொது விசாரணைக் கூட்டம் ஒன்றும் நடக்கும், அதற்கும் நாலு குடும்பமாகச் சேர்ந்து போங்கள்.

பேசிவிட்டு வந்தபின், கூட்டக் குறிப்பின் வரைவு 8 வேலை நாளில் பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டும். அதை எடுத்து, உங்கள் கோரிக்கை தீர்மானமாக வந்ததா, "பொதுமக்கள் கருத்து" என்ற தலைப்பில் உங்கள் பேரோடு மட்டும் நிற்கிறதா என்று பாருங்கள். 2022 மார்ச் கூட்டக் குறிப்பில் என் பேர் இந்த இரண்டாவது இடத்தில்தான் இருந்தது. அப்படி இருந்தால் மறுநாளே சூப்பர்வைசர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, அடுத்து இது எந்தக் குழுவுக்குப் போக வேண்டும், கடைசி நாள் எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.